இனிப்பு ஏன் கைகூடவில்லை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

விருந்துக்கு முந்தைய இரவு பத்து மணிக்கு எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே ரகம். ஜெல்லி உறையவில்லை. கேக் நடுவில் குழிந்துவிட்டது. வருகிறவர்களில் ஒருவர் முட்டை சாப்பிடமாட்டாராம், இப்போதுதான் சொல்கிறார்கள். இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒன்று பிடிபட்டது: கை தவறுவதைவிடக் குறிப்பு பொருந்தாமல் போவதுதான் அதிகம். ஒரு பொருளை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு ஒப்பேற்றுவதைவிட, அந்தப் பொருளே தேவைப்படாத இனிப்பைத் தேடிப் பிடிப்பது எளிது.

உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

## அறிகுறி: குறிப்புகள் குவிகின்றன, எதை நம்புவது என்று தெரியவில்லை

தேடும் சொல் அகலமாக இருக்கிறதா? "எளிய இனிப்பு" என்று தேடினால் எல்லாமும் வந்து கொட்டும். தேடுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பதில்களை எழுதுங்கள்: யார் சாப்பிடுகிறார்கள், எப்போது பரிமாறுவேன், அதுவரை எங்கே வைத்திருப்பேன். அந்தப் பதில்களே உங்கள் தேடுசொற்கள். "முட்டை இல்லாமல், ஓவன் இல்லாமல், முந்தைய நாளே செய்து வைக்க" என்று தேடினால் பட்டியல் கைக்குள் அடங்கும்.

எழுதியவர் செய்து பார்த்தாரா? கிராம் கணக்கு இருக்கிறதா, பாத்திரத்தின் அளவு இருக்கிறதா, வெந்ததற்கு அடையாளம் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். "30 நிமிடம் வேகவிடவும்" என்பது யாரும் எழுதக்கூடிய வரி. "நடுவில் குச்சி குத்தினால் ஈர மாவு ஒட்டக் கூடாது, ஓரம் தட்டிலிருந்து விலகத் தொடங்கியிருக்கும்" என்பது அடுப்பின் முன் நின்றவரின் வரி. பொருள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் செய்முறையில் எங்கே சேர்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒன்று சேராமலே போயிருந்தால் அந்தக் குறிப்பை விட்டுவிடலாம்.

அளவில் பிழையா? ஒரே இனிப்புக்கு மூன்று குறிப்புகளை அருகருகே வையுங்கள். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதைச் சந்தேகியுங்கள். 125 கிராம் மைதாவுக்கு பேக்கிங் பவுடர் 1 முதல் 1¼ தேக்கரண்டி போதும். சமையல் சோடாவாக இருந்தால் பொதுவாகக் கால் தேக்கரண்டி, வினிகரும் கோகோவும் சேரும் குறிப்பில் இதைவிடக் கூடலாம். மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி. இந்த ஒரு சொல் மாறி அச்சானதால் வீணான கேக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

"15 நிமிட இனிப்பு" என்றிருந்ததா? அது கைவேலைக்கான நேரம் மட்டும். ஆற, ஊற, குளிர, உறைய என்று வரும் சொற்களை எல்லாம் வட்டமிட்டு அந்த நேரங்களையும் கூட்டுங்கள். பல சமயம் 15 நிமிடம் ஐந்து மணி நேரமாகிவிடும்.

இவ்வளவு பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்றால் பாதி அளவில் ஒருமுறை செய்து பாருங்கள். பல அடுக்குக் கேக் வேண்டும், ஒத்திகைக்கு நாளில்லை என்ற நிலையில் கேக் செய்வதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. அடுக்குகளைத் தாங்கவைப்பது தனி வேலை.

## அறிகுறி: கேக் நடுவில் குழிந்துவிட்டது

எப்போது குழிந்தது? வெளியே எடுத்த பிறகு குழிந்தால் நடுப்பகுதி வேகவில்லை. அடுத்த முறை இன்னும் ஐந்து நிமிடம் விட்டுக் குச்சியால் சோதியுங்கள். உள்ளே இருக்கும்போதே குழிந்தால் கீழே தொடருங்கள்.

கதவைத் திறந்தீர்களா? வேகும் நேரத்தில் முதல் மூன்றில் இரண்டு பங்கு முடியும்வரை திறக்க வேண்டாம்.

பேக்கிங் பவுடர் கூடிவிட்டதா? கூடினால் மாவு வேகமாக எழும்பி, இறுகுவதற்கு முன்பே சரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னும் பொங்கும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

ஓவன் சொல்லும் வெப்பம் உண்மைதானா? உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்குங்கள். அதிக விலை இல்லை. 180 டிகிரி செல்சியஸில் வைத்து 20 நிமிடம் கழித்துப் படியுங்கள். விசிறி உள்ள ஓவனாக இருந்தால் குறிப்பில் உள்ள வெப்பத்தில் 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் அதற்கேற்ப நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். முள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் கருகினாலோ பழுது பார்ப்பவரை அழையுங்கள். எரிவாயு ஓவனில் வாயு நெடி வந்தால் வேறெந்தச் சோதனையும் வேண்டாம். வாயுவை மூடி, ஜன்னலைத் திறந்து, எந்த மின் சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து அழையுங்கள்.

குழிந்த கேக்கை எறிய வேண்டாம். வேகாத நடுவை வெட்டி எடுத்துவிட்டு, வெந்ததை உதிர்த்துக் கோப்பைகளில் கிரீமும் பழமுமாக அடுக்கினால் அதுவே ஒரு இனிப்பு.

## அறிகுறி: கேக் கட்டையாக, கனமாக இருக்கிறது

முதலில் மாவைச் சந்தேகியுங்கள். கோப்பையை மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் ஒரு கோப்பையில் 150 கிராம்வரை இறுகிப் போகும். கரண்டியால் மெல்ல நிரப்பி மேலே வழித்துவிட்டால் 120 முதல் 125 கிராம்தான். இரண்டு கோப்பைக்கு இந்த வித்தியாசம் 50 முதல் 60 கிராம்வரை போய்விடும். கோப்பையும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சில குறிப்புகளில் 240 மில்லிலிட்டர், சிலவற்றில் 250. எடை பார்க்கும் தராசு ஒன்று இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. இனிப்பு செய்ய என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் தராசைத்தான் சொல்வேன், அழகான தட்டுகள் எல்லாம் பிறகு.

அடுத்தது கலக்கிய விதம். மாவு சேர்த்த பிறகு உலர்மாவு கண்ணில் படாத கணத்திலேயே நிறுத்துங்கள். வெண்ணெய் கல்லாக இருந்தபோது அடித்தால் காற்று உள்ளே போகாது. விரல் அழுத்தினால் பதியும் பதம் வேண்டும்.

பேக்கிங் பவுடருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேக்கரண்டியைச் சூடான நீரில் போடுங்கள், உடனே நுரைக்க வேண்டும். சோடாவுக்கு வெந்நீர் போதாது, வினிகர் வேண்டும். பவுடருக்குப் பதில் சோடாவைப் போட்டிருந்தால் கேக் கருத்து, சோப்புச் சுவை அடிக்கும். சோடாவின் வீரியம் பவுடரைப்போல மூன்று, நான்கு மடங்கு. அதற்கு மீட்பு இல்லை, புதிதாகச் செய்யத்தான் வேண்டும்.

## அறிகுறி: ஜெல்லி உறையவே இல்லை

உறவினர் ஒருவர் அன்னாசி ஜெல்லிக்கு மூன்று முறை ஜெலட்டின் சேர்த்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது கிண்ணத்தைச் சாய்த்தால் மஞ்சள் நீர் சர்பத்தாக ஓடியது. அடியில் அன்னாசித் துண்டுகள் பளபளவென்று கிடந்தன. பழம் அவ்வளவு புதிது. கோளாறும் அதுதான். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி ஆகியவற்றில் உள்ள நொதிகள் ஜெலட்டினை வெட்டிப்போட்டுவிடும். எத்தனை பொட்டலம் சேர்த்தாலும் இறுகாது.

பழம் இந்த மூன்றில் ஒன்றா? ஆமென்றால் பழத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே வெப்பம் பட்டது என்பதால் அப்படியே போடலாம். கெட்டுப்போன கிண்ணத்தைக் கொதிக்கவைத்தால் நொதி செயலிழக்கும், ஆனால் வெட்டுப்பட்ட ஜெலட்டின் திரும்பி வராது. ஆறியபின் புது ஜெலட்டின் சேர்க்க வேண்டும்.

பழம் வேறா? ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, பிறகு வெதுவெதுப்பில் கரைத்தீர்களா? நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு குறையும். ஏறத்தாழ அரை லிட்டருக்கு 7 கிராம், ஃபிரிட்ஜில் நான்கு மணி நேரமாவது.

கடல்பாசியா (அகர் அகர்)? அதற்கு நேர்மாறான பழக்கம். நன்றாகக் கொதித்தால்தான் கரையும். 250 மில்லிலிட்டருக்கு 2 கிராம் தூள், இரண்டு நிமிடக் கொதி. அறை வெப்பத்திலேயே உறைந்துவிடும். உறைந்தது மறுபடி உருக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். ஜெலட்டின் விலங்குப் பொருள், கடல்பாசி தாவரம். சைவ உணவினருக்குச் செய்யும்போது இதை மறந்துவிடக் கூடாது.

## அறிகுறி: கஸ்டர்ட், சாக்லேட், கிரீம், பாகு கைவிட்டன

*முட்டைக் கஸ்டர்ட் திரிந்தது.* 83 டிகிரியைத் தாண்டினால் முட்டை பொரியலாகத் தொடங்கும். உடனே குளிர்ந்த கிண்ணத்துக்கு மாற்றி மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். சோள மாவு சேர்ந்த கஸ்டர்டுக்கு இது பொருந்தாது. அதை ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் மஞ்சள் கருவில் உள்ள நொதி மாவைத் தின்று, இரவு கெட்டியாக இருந்தது காலையில் நீர்த்துவிடும்.

*சாக்லேட் திரண்டு மண்ணாகிவிட்டது.* ஒரு சொட்டு நீர் அல்லது ஆவி பட்டிருக்கும். சூடான கிரீமையோ வெந்நீரையோ கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்குங்கள், வழவழப்பு திரும்பும். இனி அது அச்சில் ஊற்ற உதவாது, மேலே ஊற்றும் குழம்பாகப் பயன்படும்.

*கிரீம் எழும்பவில்லை.* பொட்டலத்தில் கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் எழும்பாது, 35 இருந்தால் நல்லது. கிரீம், கிண்ணம், அடிப்பான் மூன்றையும் குளிரவையுங்கள்.

*பாகு பூத்துச் சர்க்கரையாகிவிட்டது.* கொதிக்கத் தொடங்கியபின் கிளறியிருப்பீர்கள். கொஞ்சம் நீர் சேர்த்து மீண்டும் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, ஓரத்தில் ஒட்டியதை ஈரத் தூரிகையால் வழித்துவிடுங்கள்.

## அறிகுறி: விருந்தினருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள் இருக்கிறது

### முட்டை கூடாது

குறிப்பில் எத்தனை முட்டை? ஒன்றோ இரண்டோ என்றால் மாற்று வேலை செய்யும். ஒரு முட்டைக்கு 1 மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியும் 3 மேசைக்கரண்டி நீரும் கலந்து 10 நிமிடம் ஊறவையுங்கள். கால் கோப்பை மசித்த வாழைப்பழமோ தயிரோகூடப் போதும். மூன்றுக்கு மேல் என்றால், அதிலும் முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் கேக் என்றால், மாற்ற முயல வேண்டாம். அங்கே முட்டைதான் தூண்.

அதற்குப் பதில் பிறவியிலேயே முட்டையில்லாத கேக் இதோ. முட்டை மட்டுமல்ல, பாலும் வெண்ணெயும்கூட இதில் இல்லை. ஒன்றரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை சர்க்கரை, 3 மேசைக்கரண்டி கோகோ, 1 தேக்கரண்டி சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், 1 மேசைக்கரண்டி வினிகர், 1 தேக்கரண்டி வனிலா, ஒரு கோப்பை நீர் சேர்த்து அளவாகக் கலக்கி உடனே ஓவனில் வையுங்கள். 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம், 20 சென்டிமீட்டர் தட்டு. வினிகரும் சோடாவும் சேர்ந்த கணத்திலேயே நுரை பிறக்கிறது, காத்திருந்தால் அடங்கிவிடும். வினிகர் வாசனை வருமோ என்று பயப்பட வேண்டாம், வெந்தபின் தெரியாது.

### பால் கூடாது

முதலில் கேட்க வேண்டியது: செரிக்காததா, ஒவ்வாமையா? லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காதவருக்கு லாக்டோஸ் நீக்கிய பால் போதும். பால் புரத ஒவ்வாமை உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது, வெண்ணெயும் கூடாது. சோள மாவு சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய தேங்காய்ப் பால் புட்டிங் எளிய வழி.

### கோதுமை கூடாது

மைதா, ரவை, பார்லி எல்லாவற்றிலும் குளூட்டன் என்ற புரதம் உண்டு. ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு சேர்ந்தே அரைபடுவதால் குளூட்டன் இல்லை என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். அரிசி மாவுக் கேக் நறநறக்கிறதா? கரைத்த மாவை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். உதிர்கிறதா? ஒரு கோப்பைக்குக் கால் தேக்கரண்டி சாந்தன் கம் (மாவைச் சேர்த்துப் பிடிக்கும் தூள்). பாதாம், முந்திரி போன்ற பருப்புகளுக்கு ஒவ்வாமை இல்லாதவருக்கு, மைதாவே கேட்காத பாதாம் மாவுக் கேக்கைத் தேடுவது இன்னும் நல்லது.

வருகிறவருக்கு, குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருந்தால் பொருள் மட்டும் போதாது. மைதா சலித்த சல்லடை, மரக்கரண்டி, தட்டு எதையும் பயன்படுத்தக் கூடாது. சர்வதேச உணவுத் தரத்தில் குளூட்டன் அற்றது என்று சொல்ல ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மாவு பறக்கும் சமையலறையில் அதற்கு யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் கழுவிய பழத்தைத் தோலோடு அவர் முன் வெட்டித் தருவதையே நான் செய்வேன்.

### சர்க்கரை குறைய வேண்டும்

தேனும் வெல்லமும் சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவருக்கு "இது தேன் போட்டது, சாப்பிடலாம்" என்று அன்போடு தட்டை நீட்டுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் காட்சி. தேனிலும் பழச்சாற்றிலும் உள்ள சர்க்கரையையும் கணக்கில் சேர்த்தே, உணவு தரும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். 5 சதவீதத்துக்குள் இருந்தால், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 25 கிராம், இன்னும் நல்லது என்கிறது. மைதாவும் உடலுக்குள் குளுக்கோஸாகவே மாறுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேக்கில் சர்க்கரையைக் கால் பங்குவரை குறைத்தால் பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் வறண்டுவிடும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சர்க்கரைதான். ஐஸ்கிரீமில் குறைத்தால் கல்லாக உறையும். மாற்று இனிப்பூட்டிகளில் அஸ்பார்டேம் சூட்டில் இனிப்பை இழக்கும். எரித்ரிட்டால் சர்க்கரையில் 70 சதவீத இனிப்புதான், ஆறியபின் நறநறக்கலாம். மால்டிட்டால் மிகுந்தால் வயிறு போகும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் வேண்டவே வேண்டாம், அதற்கு உயிருக்கே ஆபத்து.

இன்சுலின் போடுபவர், சிறுநீரக நோய் உள்ளவர் ஆகியோருக்கு எவ்வளவு, எது என்பதை மருத்துவரோ உணவியல் நிபுணரோதான் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பாதித்தவருக்கு வாழைப்பழம், கோகோ, பருப்பு வகைகள் போன்ற நல்ல பொருள்களே தொல்லையாகலாம்.

### பாதாம், முந்திரி போன்ற பருப்பு ஒவ்வாமை

இதில் சோதனை முயற்சி கிடையாது. பொட்டலத்தின் பின்பக்கத்தை முழுதாகப் படியுங்கள். சாப்பிட்டவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ காத்திருக்காமல் அவசர உதவியை அழையுங்கள். அவரிடம் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போடச் சொல்லுங்கள்.

### ஒரே மேசையில் எல்லாரும்

கடல்பாசிப் பழ ஜெல்லி, வேகவைத்த ஆப்பிள், தேங்காய்ப் பால் புட்டிங் என்று வெறுமையான ஒன்றை நடுவில் வையுங்கள். கிரீம், பருப்பு, பிஸ்கட் தூள், பாகு ஆகியவை தனித்தனிக் கிண்ணத்தில், தனித்தனிக் கரண்டியோடு. ஒவ்வொன்றின் முன்னும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு. வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்வார்கள், யாரும் தன் உடம்பைப் பற்றி மேசையில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

## அறிகுறி: குறிப்பு சரி, சந்தர்ப்பத்துக்குப் பொருந்தவில்லை

கூட்டம் பெரிது. வட்டத் தட்டின் அகலம் கூடும்போது பரப்பு அதைவிட வேகமாகக் கூடும். 15 சென்டிமீட்டர் தட்டுக்கான மாவு 20 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.8 மடங்கு வேண்டும். பெரிய தட்டில் ஒன்று செய்வதைவிட, பழகிய தட்டிலேயே இரண்டு செய்யுங்கள்.

வெளியே, வெயிலில் விருந்து. ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகும், கடல்பாசி நிற்கும். கிரீமும் கஸ்டர்டும் ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேலான வெயிலில் ஒரு மணி நேரம்தான். அங்கே பிஸ்கட்டும் கிரீமில்லாத கேக்கும் போதும்.

முதல் பிறந்தநாள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. அதில் இருக்கக்கூடிய நச்சுக் கிருமியின் வித்துகள் கேக் வேகும் சூட்டில் சாகா. முழுப் பருப்பு தொண்டையில் சிக்கும் என்பதால் ஐந்து வயதுவரை தவிர்க்கலாம்.

கர்ப்பிணி, முதியவர் வருகிறார். பச்சை முட்டை சேரும் மூஸ் (நுரைபோன்ற இனிப்பு) வேண்டாம். முட்டையைக் கொதிநீர் ஆவியின் மேல் 71 டிகிரிவரை சூடாக்கும் குறிப்பைத் தேடுங்கள்.

ஆள் வாசலில் நிற்கிறார், ஒன்றும் இல்லை. தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழங்களை வட்டமாக நறுக்கி எப்போதும் உறைபெட்டியில் வைத்திருங்கள். மிக்ஸியில் போட்டு நிறுத்தி நிறுத்திச் சுற்றினால் முதலில் மணலாகும், பிறகு உருண்டையாகும், அதற்கும் பிறகு திடீரென்று குழைந்து ஐஸ்கிரீமாகிவிடும். அந்த மணல் பதத்தில் பலரும் பயந்து பாலை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள், ஓரத்தை வழித்துவிட்டு இன்னும் ஒரு நிமிடம் சுற்றுங்கள்.